ஜீனை முன்னிறுத்தியவர்

என் அண்ணன் வாலஸ் டன்பாருக்கு வயிற்றில் வந்த கட்டி பரவிவிட்டது, இலையுதிர்காலம் வரை தாங்கினாலே அதிகம் என்று டாக்டர் சொன்னது 1963 ஏப்ரலில். வாலஸ் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஆட்டுக் கொட்டகைக் கதவு கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, அதற்கு எண்ணெய் போட்டான். கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்தான். சாவைப் பற்றி அவன் பேசியது அவ்வளவுதான்:

“கோரா பக்கத்துல எனக்கு இடம் விட்டிருக்கு, லியோனா. நீ போய் ஒரு தடவை அளந்து வை. ஹார்லன் தோண்டறப்ப அவ பெட்டி மேல மண்வெட்டி படக் கூடாது.”

கோரா அவன் மனைவி. போய் ஆறு வருஷமாகியிருந்தது. அந்த ஆறு வருஷத்தில் அவள் பெயரை அவன் சொல்லி நான் கேட்டது பத்துத் தடவை இருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் காரை நோக்கி நடக்கும்போது அவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பான். மழையானாலும் பனியானாலும் நடப்பான்.

எங்கள் ஹெம்லாக் ஓடைச் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குள்ளே இன்னொரு தோட்டம் உண்டு. இடுப்பளவுக் கல்சுவர், ஒரு இரும்புக் கதவு. அதற்குள்தான் ரெவரெண்ட் கில்பர்ட் லாரிமர் கிடக்கிறார். மலைகளைத் தாண்டிப் பென்சில்வேனியாவின் இந்த மேற்குக் கோடிக்குக் குதிரைமேல் வந்த முதல் பிரஸ்பிட்டேரியன் போதகர்களில் ஒருவர். ஓநாய் ஊளையிட்ட காட்டில் மரத்தடியில் நின்று மூன்று மணி நேரம் பிரசங்கம் செய்வாராம். கேட்டவர்களின் பொறுமையைத்தான் நான் மெச்சுவேன். அவருடைய பேரன் ஒருவன் அந்தச் சுவரைக் கட்டி, போதகரின் ரத்தத்தில் வந்தவர்களும் அவர்களைக் கட்டிக்கொண்டவர்களும் தவிர வேறு யாரும் உள்ளே கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனான்.

டன்பார் குடும்பத்துக்கு அந்த ரத்தம் ஜீன் வழியாக வந்தது. ஜீன் எங்கள் கொள்ளுப்பாட்டி, போதகரின் கடைசி மகள். இதை முதன்முதலில் காகிதத்தில் எழுதியவள் நான்தான். இருபத்து நான்கு வயதில், சபையின் பழைய ஞானஸ்நானப் பட்டியலை வரி வரியாகப் படியெடுத்தேன். அதில் இரண்டே இரண்டு பத்திகள். ஒன்றில் பிள்ளையின் பெயரும் தேதியும், மற்றதில் முன்னிறுத்தியவர் பெயர். எங்கள் சபையில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்ற வழக்கம் கிடையாது. பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு சபைக்கு முன்னால் எழுந்து நின்று, இதைக் கர்த்தருக்குப் பயந்து வளர்ப்பேன் என்று உறுதி சொல்பவன் தகப்பன்தான். அதனால் முன்னிறுத்தியவர் என்று இருந்தால் தகப்பன் என்றே எடுத்துக்கொள்வோம். இரண்டாவது தரம் யோசிக்க மாட்டோம். ‘ஜீன், 1791 அக்டோபர், முன்னிறுத்தியவர் திரு. லாரிமர்’ என்று பார்த்தேன். போதகர் வீட்டு பைபிளில் அவள் பெயர் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, ஒன்பதாவது பிள்ளை என்று எழுதினேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் கவுண்டி ஆபீசில் பத்திரங்களைத் தட்டச்சு செய்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாரிமர் குடும்பச் சங்கத்தின் பதிவேடு என் கையில் இருந்தது. சங்கத்தின் தலைமை வாலஸ் கையில் இருந்தது. அவன் கொடுமைக்காரன் இல்லை. வேலி ஒரு சாண் கோணலாக இருந்தாலும் சாப்பாடு இறங்காத ஆள், அவ்வளவுதான். 1950-இல் அவன் ஒரு விதி கொண்டுவந்தான். இனிமேல் சுவருக்குள்ளே யாரைப் புதைப்பதானாலும் போதகரிலிருந்து இந்தத் தலைமுறை வரை ஒவ்வொரு கண்ணிக்கும் காகிதம் வேண்டும், வாய்ச்சொல் செல்லாது.

அந்த விதியில் முதலில் மாட்டியவள் லாட்டி பியூ. 1955 மார்ச்சில் அவள் செத்தபோது அவள் மகன் ஹார்லன், முழங்கால் வரை சேற்றோடு எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், தரை அழுக்காகும் என்று வரவில்லை.

“அப்பா உள்ள இருக்காரு, மிஸ்டர் டன்பார்,” என்றான். “அவரு பக்கத்துல அம்மாவை வைக்கணும். வேற ஒண்ணும் கேக்கல.”

“ஆமோஸை வெச்சப்ப யாரும் காகிதம் கேக்கல. இப்ப கேக்கறோம்,” என்றான் வாலஸ். “உங்கப்பாவோட கொள்ளுப்பாட்டி ரேச்சல் போதகரோட பொண்ணுன்னு சொல்றீங்க. போதகர் வீட்டு பைபிள்ல அப்படி ஒரு பேரே இல்ல, சபைப் பட்டியல் அவ பொறந்த காலத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. வேற காகிதம் ஏதாவது இருக்கா?”

“எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்.”

“எங்க வீட்லயும் எல்லாருக்கும் என்னென்னவோ தெரியும், ஹார்லன். காகிதம் இருந்தா கொண்டா. நானே வந்து கதவைத் திறக்கறேன்.”

ஹார்லன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். லாட்டியை நாலு மைல் தள்ளி, ரோட்டோரத்துப் பொதுக் கல்லறையில் வைத்தார்கள். ஓடைத் தண்ணீர் எப்போதும் கசிகிற பள்ளம் அது. அவள் புருஷன் ஆமோஸ் சுவருக்குள்ளே தனியாகக் கிடந்தான். ஹார்லன்தான் எங்கள் சபைக்குக் குழி தோண்டுகிறவன், புல் வெட்டுகிறவன். அந்த வேலையை அவன் விடவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கோராவுக்கும் அவன்தான் தோண்டினான். அதைப் பார்த்து வாலஸ், அவன் மனசில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டான். இப்படி நினைத்துக்கொள்வது ஆண்களுக்குச் சுலபமாக வருகிறது.

மே மாதம் ஒஹையோவிலிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. வெஸ்டா கிரைல் என்று ஒரு விதவை, வீட்டை விற்கும்முன் பரணைச் சுத்தம் செய்திருக்கிறாள். அவள் புருஷனின் முன்னோர் ஒருவர் எங்கள் சபையில் எழுத்தராக இருந்தவராம். மாவுச் சாக்குத் துணியில் சுற்றிய ஒரு தோல் அட்டைப் புத்தகம். 1786 முதல் 1804 வரை, சபையை நடத்தும் மூப்பர்கள் கூடி விசாரித்தது எல்லாம் அதில் இருந்தது. யார் ஞாயிற்றுக்கிழமை விறகு வெட்டினான், யார் கல்யாண வீட்டில் பிடில் வாசித்தான், யார் யாரைத் திட்டினாள் என்று பதினெட்டு வருஷத்துக் குற்றம் குறை. அந்தக் காலத்து மூப்பர்களுக்கு வேறு வேலையே இருந்திருக்காது போலும்.

புத்தகத்தைப் பின்னாலிருந்து முன்னால் படிப்பது என் கெட்ட பழக்கம். அதனால் 1796 முதலில் வந்தது. ‘போதகரின் மகள் ரேச்சல், மெதடிஸ்டுக் கூட்டத்தைச் சேர்ந்த இனாக் பியூவை மாஜிஸ்திரேட் வீட்டில் வைத்து மணந்ததற்காக அழைக்கப்பட்டாள். வருந்துகிறாயா என்று கேட்கப்பட்டாள். மழை வருகிறது, நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள்.’ அடுத்த வரியில், அவள் தகப்பன் அவள் பெயரைத் தன் வீட்டு பைபிளிலிருந்து எடுத்துவிட்டதாக மூப்பர்களிடம் அறிவித்தார் என்று இருந்தது.

நான் சத்தமாகச் சிரித்தேன், பிறகு அழுதேன். ஹார்லனின் காகிதம் இதோ என் மேசைமேல் கிடந்தது. எட்டு வருஷம் தாமதம் என்றாலும் வந்துவிட்டதே என்று, அன்று காலை முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்திலேயே மேலும் பக்கங்களைப் புரட்டினேன்.

1791. பிப்ரவரியில் ஆரம்பிக்கிறது. போதகர் வீட்டு வேலைக்காரி ஆக்னஸ் ட்வீட், புருஷன் இல்லாமல் பிள்ளை பெற்றவள், மூப்பர்கள் முன் அழைக்கப்பட்டாள். தகப்பன் யார் என்று கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றாள். ஏப்ரலில் மறுபடி கேட்டார்கள், சொல்லவில்லை. ஜூனில் கேட்டார்கள், சொல்லவில்லை. அந்தக் காலத்தில் திருவிருந்துக்கு முன்னால் மூப்பர்கள் தகுதியானவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன ஈய வில்லை கொடுப்பார்கள். அது கையில் இல்லாதவர்களுக்கு மேசையில் இடம் கிடையாது. ஆக்னஸுக்கு வில்லை இல்லை என்று எழுதியிருந்தது. தாய்க்கு மேசையில் இடமில்லை என்றால் அவள் பிள்ளையை முன்னிறுத்தவும் உரிமை இல்லை. பிள்ளைக்கு எட்டு மாதமாகியும் ஞானஸ்நானம் ஆகவில்லை.

பிறகு அக்டோபர். ‘ஆக்னஸ் ட்வீட்டின் பிள்ளையை முன்னிறுத்த ஒருவரும் எழாதபடியால், திரு. லாரிமர் பிரசங்க பீடத்திலிருந்து இறங்கி வந்து, வீட்டு எஜமான் என்ற முறையில் தாமே பிள்ளையை ஏந்தி உறுதி சொன்னார். பிள்ளைக்கு ஜீன் என்று பெயர். இரண்டு மூப்பர்கள் எழுந்து வெளியே போனார்கள். ஏன் இப்படிச் செய்தீர் என்று பின்னர் கேட்கப்பட்டபோது, கர்த்தருக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.’

எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. காப்பி ஆறிப்போயிருந்தது. ஜீன் ஆக்னஸின் மகள். எங்கள் உடம்பில் ஓடுவது ஆக்னஸ் ட்வீட்டின் ரத்தம். போதகர் செய்தது எழுந்து நின்றது மட்டும். வாலஸ் எழுதிய விதிப்படி வாலஸுக்குச் சுவருக்குள்ளே இடமில்லை, கோராவுக்கும் இல்லை. இதற்குக் காரணம், இருபத்து நான்கு வயதில் தலைகால் புரியாமல் ஒரு வரி எழுதிய நான்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அதைப் பார்த்தேன். ஒரு பக்கம்தானே, போனால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஹார்லனுக்கு அவன் காகிதத்தைக் கொடுக்க வேண்டுமானால் புத்தகத்தை வெளியே காட்ட வேண்டும். வாலஸ் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் பக்க எண்ணைச் சரிபார்க்காமல் கீழே வைக்க மாட்டான். ஆகவே இரண்டு பேரையும் காப்பாற்ற வழியில்லை. ஒன்று, ஹார்லனை இரண்டாவது தடவை ஏமாற்ற வேண்டும். இல்லையென்றால் சாகப்போகிற என் அண்ணனை அவன் பெண்டாட்டியிடமிருந்து பிரிக்க வேண்டும். மூன்று வாரம் அந்தப் புத்தகத்தை மாவுப் பீப்பாய்க்குள் வைத்திருந்தேன். கடைசியில் ஒரு காலை, அவன் கஞ்சி குடித்து முடித்ததும், முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தான். திரும்பவும் படித்தான்.

“அப்ப ஜீன் போதகர் பொண்ணு இல்ல.”

“இல்ல.”

“பொண்ணுன்னு எழுதினது யாரு?”

“நான்தான் அண்ணா.”

“ம்.” சன்னலுக்கு வெளியே ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எப்ப வந்துச்சு இது?”

“மூணு வாரமாச்சு.”

“மூணு வாரம் மூடி வெச்சவ நாலு மாசம் மூடி வெச்சிருக்கலாமே. நான் போயிருப்பேன்.”

“ஹார்லனோட காகிதமும் இதே புத்தகத்துலதான் இருக்கு.”

அவன் சிரித்தான். சிரித்ததில் வயிறு வலித்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். வலி போன பிறகு, “நல்லா மாட்டிக்கிட்டேன்,” என்றான்.

“விதியை எழுதினவன் நீ. நீயே அடிச்சுப் போட்டுடேன். யாரு கேக்கப்போறா?”

“லாட்டி பியூவுக்காக அடிக்கலையே, லியோனா. எனக்காக அடிக்கட்டுமா?”

இந்த மாதிரி ஆளோடு ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்வது லேசான காரியமில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பாத்திரத்தைத் தேய்க்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

அடுத்த வாரம் கிளிஃபர்ட் லாரிமர் ஆட்டுத் தீவனம் இறக்க வந்தான். தீவனக் கடை வைத்திருக்கிறவன், கலப்படமில்லாத லாரிமர், அதைத் தவிர வேறு பெருமை இல்லாதவன். ஆனால் வாலஸ் மேல் பிரியம் உள்ளவன். நான்தான் அவனை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

“இதுல என்ன கஷ்டம்? பெரியவர் சும்மாவா பீடத்துலேருந்து இறங்கி வந்தாரு? ரெண்டு மூப்பருங்க எதுக்கு எழுந்து போனாங்க? அவங்களுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலையா? ஜீன் அவரு பொண்ணுதான், வாலஸ். வழிதான் கொஞ்சம் சமையலறைப் பக்கமா வந்துருச்சு.” கண்ணைச் சிமிட்டினான். “ரத்தம் ரத்தம்தானே. கல்சுவருக்குத் தெரியவா போகுது?”

எனக்கு அந்த நிமிஷம் கிளிஃபர்ட் சொன்னது வேதவாக்காகப் பட்டது. எழுதிவிடலாம். புத்தகத்தில் அதை மறுக்கும் வரி ஒன்றுமில்லை. தான் தகப்பன் இல்லை என்று போதகர் எங்கேயும் சொல்லவில்லை.

வாலஸ் தலையை ஆட்டினான். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாது.”

“தெரியாதுன்னா நமக்குச் சாதகமா எடுத்துக்க வேண்டியதுதான்.”

“ஒரு மனுஷன் எழுந்து நின்னாரு. அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தப்ப அவரு ஒருத்தர் நின்னாரு. நின்னா ஊரு என்ன பேசும்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் நின்னாரு. ஆறடி மண்ணுக்காக நான் அந்தப் பேச்சை இன்னிக்கி உண்மைன்னு எழுதி வைக்கணுமா?”

“அவரு செத்து நூத்தி முப்பது வருஷமாச்சு. அவருக்கு வலிக்கவா போகுது?”

“எனக்கு வலிக்கும், கிளிஃபர்ட். போயி மூட்டையை இறக்கு.”

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை சங்கம் கூடியது. மழை பிடித்துக்கொண்டதால் எல்லோரும் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்தார்கள், அறுபது பேருக்கு மேல். பின்பக்க மேசைகளில் பன்றித் தொடை, உருளைக்கிழங்கு சாலட், ஊறுகாய்ச் சாடிகள், பதினாலு ஆப்பிள் பை எல்லாம் துணி மூடிக் காத்திருந்தன. சங்கீதம் பாடி முடித்தோம். வாலஸ் எழுந்தான். கோட்டு அவன்மேல் தொங்கியது. உட்கார்ந்து பேசு என்று முன்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் ரேச்சல் பக்கத்தைப் படித்தான். மழை வருகிறது என்று அவள் சொன்ன இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். “ஹார்லன் பியூ,” என்றான் வாலஸ், “உன் வழி ருசுவாச்சு. 1955-ல உன்னைத் திருப்பி அனுப்பினேன். நான் பண்ணினது தப்பு.” கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஹார்லன் அசையவில்லை.

பிறகு ஆக்னஸின் பக்கம். அதை அவன் ஒரு சொல் விடாமல், குரலை ஏற்றாமல் இறக்காமல் படித்தான். முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்தான்.

“ஆக, டன்பாருங்க லாரிமர் ரத்தம் இல்ல. இன்னியோட நான் தலைவர் இல்ல. என்னை ரோட்டோரத்துப் பொதுக் கல்லறையில வையுங்க. கோராவை மட்டும் அசைக்காதீங்க. அவ ஒரு தப்பும் பண்ணல. அதை மட்டும் கேட்டுக்கறேன்.”

கிளிஃபர்ட் எழுந்து விதிவிலக்கு வைக்கலாம் என்றான். நாற்பது வருஷம் சங்கத்துக்கு உழைத்த மனுஷன் என்று யார் யாரோ எழுந்து சொன்னார்கள். வாலஸ் கையை உயர்த்தி நிறுத்தினான். “விதிவிலக்குன்னா எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொம்பளைக்கு வெச்சிருக்கணும். அன்னிக்கி இந்தச் சபையில ஒருத்தரும் வாயைத் திறக்கல. முக்கியமா நான்.”

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஹார்லன் பேசினான்.

“எட்டு வருஷமா இந்த நாளுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன், மிஸ்டர் டன்பார். உங்களை யாராவது அந்தக் கதவுகிட்ட நிறுத்தி, உள்ள வராதேன்னு சொல்லணும். அதை நான் பாக்கணும். இன்னிக்கிப் பாத்துட்டேன்.” தொப்பியைப் பக்கத்தில் வைத்தான். “நினைச்ச அளவுக்கு நல்லா இல்ல.”

எழுந்து நடு வழியாக நடந்து வந்தான். பெரிய உருவம், குழி தோண்டியே கூன் விழுந்த முதுகு. வாலஸ் பக்கத்தில் வந்து, சபையைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

“நிக்க ஆளில்லாதவங்களுக்கு, உள்ள இருக்கற ஒருத்தர் நிக்கலாம்னு இப்பதான் வாசிச்சீங்க. இன்னிக்கிக் காலையிலேருந்து நான் உள்ள இருக்கறவன். நான் நிக்கறேன்.”

“உட்காரு, ஹார்லன்,” என்றான் வாலஸ்.

“உட்கார மாட்டேன்.”

“உனக்கு எதுக்கு இது? நான் உனக்கு என்ன செஞ்சுட்டேன்?”

“ஒண்ணும் செய்யல. எங்கப்பா உள்ள, எங்கம்மா வெளிய. இங்க புல் வெட்டறப்பவும் பாக்கறேன், அங்க புல் வெட்டறப்பவும் பாக்கறேன். அதை நான் ஒரு நாய்க்கும் செய்ய மாட்டேன். அதனால உங்களுக்கும் செய்ய மாட்டேன்.”

“நான் வெளிய கிடக்கறதுதான் நியாயம்.”

“நீங்க வெளிய கிடந்தா எங்கம்மா உள்ள வந்துருவாளா?”

வாலஸின் முகம் தெளிந்தது. செய்ய ஒரு காரியம் கிடைத்துவிட்டால் அவனுக்கு எப்போதும் அப்படித்தான். “வரலாமே. அதான் ருசுவாயிடுச்சே. இனிமே எவனும் தடுக்க முடியாது. நாளைக்கே அவளை எடுத்துட்டு வந்து ஆமோஸ் பக்கத்துல வெச்சுடலாம். நான் வந்து கதவைத் திறக்கறேன், அன்னிக்கிச் சொன்ன மாதிரி.”

ஹார்லன் அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தெரியாத ஒருவருக்குத் தொழில் தெரிந்தவன் பொறுமையாகச் சொல்வானே, அப்படிச் சொன்னான்.

“எடுக்க என்ன இருக்கும், மிஸ்டர் டன்பார்? ஓடைத் தண்ணி கசியற மண்ணு. வெறும் பலகைப் பெட்டி. எட்டு வருஷம். நான் தோண்டறவன், எனக்குத் தெரியும்.”

வாலஸ் மெதுவாகப் பின்னால் தடவி, நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தான். ஹார்லன் நின்றுகொண்டே இருந்தான். கிளிஃபர்ட் வாக்கெடுத்தான். வாலஸைச் சுவருக்குள்ளே வைக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள், இரண்டு பேர் தவிர. ஒருவர் எப்போதும் எதற்கும் கை தூக்காத கிளிஃபர்டின் மாமியார். இன்னொருவன் வாலஸ். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். ஆப்பிள் பை பதினாலும் தீர்ந்துபோயின.

செப்டம்பரில் ஒருநாள் அவன் என்னைக் காரோட்டச் சொன்னான். ரோட்டோரத்துக் கல்லறைக்குப் போனோம். இறங்கி, என் கையைத் தட்டிவிட்டு, தானே நடந்து லாட்டியின் கல்லிடம் போய் நின்றான். பூட்ஸ் சேற்றில் புதைந்தது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கோராவிடம் நிற்பதைவிட அதிக நேரம் நின்றான். திரும்பி வந்தபோது உதடு நீலமாக இருந்தது. என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் 1950-இன் விதியைக் கொண்டுவரச் சொல்லி, தன் கையால் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டான். கோடு நேராகத்தான் விழுந்தது.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி போனான். ஹார்லன் தோண்டினான். கோராவின் பெட்டிக்கு ஒரு கீறல் படவில்லை. கடைசிப் பக்கத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளியதை நான் பார்த்தேன். எல்லோரும் போன பிறகு அவனிடம் நன்றி சொல்லப் போனேன்.

“உங்கண்ணனுக்காக இல்ல, மிஸ் லியோனா,” என்றான். “சும்மா சொல்லக் கூடாது. அவரை எனக்கு இன்னும் பிடிக்கல.”

“எனக்கும் பாதி நாள் பிடிக்காது,” என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு மண்ணைத் தட்டத் தொடங்கினான்.

மறுநாள் காலை சங்கத்தின் பதிவேட்டை எடுத்தேன். சுவருக்குள்ளே கிடக்கிறவர்களின் பட்டியல் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே போதகரிலிருந்து அவர்கள் வந்த வழி எழுதியிருக்கும். வாலஸுக்கு அப்படி எழுத ஒன்றும் இல்லை. ‘வாலஸ் டன்பார், முன்னிறுத்தியவர் ஹார்லன் பியூ’ என்று எழுதினேன். பின்னால் வருகிறவர்கள் யாராவது ஹார்லனை அவன் தகப்பன் என்று நினைத்துத் தொலைக்கக் கூடாதே என்று, கீழே விளக்கமும் எழுதினேன்.

மை உலரும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு பக்கங்களைத் திருப்பி, ஆமோஸ் பியூவின் பெயர் இருக்கும் வரிக்குப் போனேன். அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. ‘லாட்டி பியூ, ஆமோஸின் மனைவி, 1955 மார்ச், அவனுக்கு அருகில்’ என்று எழுதினேன்.

ஜீனைப் பற்றி நான் எழுதியது தவறு. இது தவறில்லை, தெரிந்தே எழுதிய பொய், அந்தப் பதிவேட்டில் என் கை எழுதிய ஒரே பொய். இதை ஹார்லனிடம் சொல்லவில்லை. நூறு வருஷம் கழித்து எவளாவது என்னைப் போல ஒருத்தி இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவருக்குள்ளே லாட்டியின் கல்லைத் தேடி அலைவாள். அலையட்டும். அங்கே ஆமோஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் புல் இருக்கும்.